பதினாலாம் நம்பர் படுக்கை

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. "சும்மா நடந்து தரையத் தேய்க்காத. வந்து துணிய மடி" என்று சித்தி தன் வேலையிடத்துக்கு இழுத்துப்போனார். ஆஸ்பத்திரியின் சலவை அறை. நான்கு பெரிய இயந்திரங்கள், சுவரெல்லாம் ஆவி. இருபத்திரண்டு வருடமாக அவருக்கு அங்கேதான் வேலை.

வார்டிலிருந்து வரும் ஒவ்வொரு மூட்டையிலும் படுக்கை எண் எழுதிய அட்டை தொங்கும். விரிப்பை உதறும்போதே சித்தி முணுமுணுப்பார்: "ஆண்டவரே, பதினாலாம் நம்பர் படுக்கைக்குச் சுகம் தாரும்."

"படுக்கைக்கு என்ன சீக்கு சித்தி?"

"கிண்டலா? ஆளப் பாத்தா எனக்குப் பிடிக்காமப் போயிடும்டி. நம்பர நேசிக்கிறது சுலபம்."

பதினாலுக்காக மூன்று வாரம் ஜெபித்தார். விரிப்பில் வியர்வை ஈரம் குறைந்த அன்று, சொந்தத் தங்கை பிழைத்ததுபோல அவர் முகம் தெளிந்தது.

அதே சித்தி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, நற்கருணை அப்பத்தை வாங்காமலே வீடு திரும்புவார். நான்கு வருடத்துக்கு முன் பாடகர் குழுவை நடத்திய பாட்டு டீச்சர், "உன் குரல் சுருதியில நிக்கல" என்று சபை நடுவில் சொல்லி இவரை விலக்கிவிட்டார். டீச்சரும் அதே வருடம் வீடு மாறிப் போய்விட்டார். "மனசுல கசப்ப வச்சுக்கிட்டு எப்படிக் கை நீட்டுறது?" என்பார் சித்தி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நர்ஸ் ஓடிவந்தார். "பதினாலாம் பெட் அம்மாவோட காது மிஷினக் காணோம்க்கா. பதினோரு மணிக்கு ஆபரேஷன். டாக்டர் சொல்றது எதுவும் கேக்கல. பயந்துபோய் கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க."

சித்திக்கு முகம் வெளுத்துவிட்டது. என்னோடு பேசிய மும்முரத்தில் அன்று இரண்டு மூட்டைகளை உதறாமலே இயந்திரத்தில் போட்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நுரை சுழன்றது. கழற்றிவைத்த அட்டைகளைப் புரட்டினோம். ஒன்பது, பதினொன்று. பதினாலு இல்லை. அந்த மூட்டை இன்னும் தள்ளுவண்டியின் அடியில் கிடந்தது. தலையணை உறையின் மூலையில், அவரை விதை அளவில் அந்தக் கருவி.

"ஸ்தோத்திரம்" என்று சித்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, "நானே குடுக்கிறேன், நீயும் வா" என்றார்.

பதினாலாம் படுக்கையில் பாட்டு டீச்சர் படுத்திருந்தார்.

சித்தி வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார். கருவியை என்னிடம் நீட்டினார். நான் வாங்குவதற்குள் கையை இழுத்துக்கொண்டார். நேரே போய், டீச்சரின் நரைமுடியை ஒதுக்கி, அதைக் காதில் பொருத்தினார்.

"கேக்குதா டீச்சர்?"

"நீயா?"

"நாந்தான். வேணும்னா கழட்டிடறேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்து பாதியில் உடைந்தது. சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு உன் சுருதி போகலம்மா. என் காதுதான் போயிட்டிருந்துச்சு. வெளிய சொல்ல வெக்கம்."

"அன்னைக்கே இத மாட்டியிருந்தா எனக்கு நாலு வருஷம் மிச்சம்" என்ற சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூணு வாரமா உங்களுக்காக ஜெபிச்சிருக்கேன். ஆள் தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன்."

"இப்பதான் தெரிஞ்சுபோச்சே."

"இப்பவும் செய்வேன். மொதல்ல டாக்டர் சொல்றதக் கேளுங்க."

நாலு மணிக்கு நர்ஸ் வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். சித்தி நீளமாக மூச்சை விட்டு, அடுத்த மூட்டையை இழுத்தார். அட்டையில் ஆறு என்று இருந்தது.

"கொஞ்சம் நில்லும்மா" என்று நர்ஸைக் கூப்பிட்டார். "ஆறாம் நம்பர்ல இருக்கிறவங்க பேரு என்ன?"