கூடுதலாய் ஒரு குஞ்சு

சிட்னி மெரிலேண்ட்ஸில், வாடகை வீட்டின் பின்கொட்டிலை விக்னராஜா எப்போதும் பூட்டியே வைத்திருப்பான். உள்ளே இருந்தவை அமெரிக்கச் சோளப்பாம்புகள். விஷமற்றவை, ஆனால் இந்த நாட்டுக்குள் கொண்டுவரவே கூடாதவை. முன்னாள் கப்பல்காரரான பக்கத்து வீட்டு லெஸ் கள்ளமாய்க் கொண்டுவந்த சோடி அது. சலித்துப்போய் இவனிடம் தள்ளிவிட்டிருந்தார்.

ஒன்றில் கறுப்பே இல்லை, செம்மஞ்சள். மற்றதில் சிவப்பே இல்லை, சாம்பல். அவற்றின் குஞ்சுகள் எல்லாம் சாதாரண நிறத்தில் பிறந்தன. ஒளிந்திருப்பது பேரக்குஞ்சுகளில் வெளிவரும், இரண்டு நிறமும் இல்லாத வெள்ளை ஒன்று அகப்படும் என்று காத்திருந்தான். குடும்பத்தில் முதன்முதல் பட்டம் வாங்கியவன், விலங்கியல். சிட்னியில் அந்தப் பட்டத்தை ஒருவரும் கேட்கவில்லை. போத்தலுக்கு மூடி போடும் தொழிற்சாலையில் நிற்கும்போது, தான் படித்தவன்தானா என்றே சந்தேகம் வரும்.

அந்தக் குஞ்சுகள் வளர்ந்து இட்ட முட்டைகள் 1976 மாசியில் வெடித்தன. வெள்ளை ஒன்றுமில்லை. ஆனால் பெட்டிக்கு வெளியே, நிலத்தில், மண்ணிறக் குஞ்சொன்று சுருண்டு கிடந்தது. தலையிலும் கழுத்திலும் கறுப்பு. உடலெங்கும் மெல்லிய வளையங்கள்.

மனைவி யோகா வெடித்த முட்டைக் கோதுகளை எண்ணிப் பார்த்தாள்.

“என்னப்பா, முட்டையைவிடக் குஞ்சு ஒண்டு கூடவெல்லோ?”

“இரட்டையாயிருக்கும்.”

“மற்றதுகளின்ரை சாயலே இல்லை. ஆஸ்பத்திரியில மாறிப்போச்சோ?”

“பகிடி விடாதையும். இது உலகத்தில ஒருத்தரும் காணாத நிறம்.”

கையிலெடுத்துப் புரட்டினான். வெளிர் வயிற்றில் செம்மஞ்சள் புள்ளிகள். சோளப்பாம்புக்கு அங்கே கறுப்புக் கட்டங்கள் இருக்க வேண்டும். கறுப்பு நீங்கினால் இப்படித்தான் வரும் என்று எண்ணிக்கொண்டான். அப்படியானால் தலை? தலைக்கு வேறு விதியாக இருக்கலாம். கேள்வி எழுவதற்குள் பதில் வந்து நின்றது. கொட்டிலின் பின்பலகை இடுக்குகளுக்கு அப்பால் இடுப்பளவு புல். அதற்குள் இந்த மண்ணின் பாம்புகள் என்னென்ன உண்டென்று அவன் ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை. தேடினால் யாரிடமாவது கேட்க வேண்டும். கேட்டால் கொட்டிலைத் திறக்க வேண்டும்.

குஞ்சு கழுத்தை வளைத்து உயர்த்திப் பெருவிரலில் கொத்தியது. வலிக்கவில்லை. சோளக்குஞ்சுகளும் கொத்துபவைதான். உடுத்திருந்த சாரத்தில் விரலைத் துடைத்துவிட்டு, குஞ்சைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடினான்.

சற்று நேரத்தில் தலை இடித்தது. வாயில் உப்புக் கரித்தது.

“இஞ்சருங்கோ, பல்லு முரசெல்லாம் இரத்தம்!” என்று யோகா அலறினாள். போத்தலையும் தூக்கிக்கொண்டு, லெஸ்ஸின் காரில் அவனை ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: “என்ன பாம்பு?” விஷமில்லாததென்றால் மருந்து தேவையில்லை, உள்ளதென்றால் ஒவ்வொன்றுக்கும் வேறு மருந்து.

“இவர் பாம்பைப் பற்றிப் படிச்சவர்,” என்றாள் யோகா, தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். ‘சோளப்பாம்பு, புது நிறம்’ என்ற சொற்கள் நாக்கு நுனியில் இருந்தன. சொன்னால் டொக்டர் நம்புவார். போத்தலுக்குள் குஞ்சு மறுபடி கழுத்தைத் தூக்கி அவனையே பார்த்தது. அதன் உடலில் அவனுக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் அவன் சொன்ன காரணங்கள்.

“தெரியாது,” என்றான். “எனக்கு இது என்னவெண்டு தெரியாது, டொக்டர்.”

“அப்படியென்றால் எல்லாப் பாம்புக்கும் பொதுவான விஷமுறிவு மருந்தைக் கொண்டுவாருங்கள், ஓடுங்கள்!” என்று டொக்டர் தாதியிடம் கத்தினார். இரத்தம் எடுக்க ஊசி குத்திய இடத்தை யோகா பஞ்சால் அழுத்திப் பிடித்திருந்தாள். பஞ்சு நனைந்தது. மாற்றினாள். அதுவும் நனைந்தது.