முற்றத்தில் ஒரு நடை

காலை ஆறு நாற்பது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான மதிலுக்கு மேலே முதலில் தெரிந்தது அண்ணனின் சட்டை. வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது, கழுத்துப் பட்டன் வரை மாட்டியது. அதை அணிந்திருந்தவருக்குக் கொரோனா. முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தலை சீவி, முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது அலை ஓடிக்கொண்டிருந்த காலம்.

கேரளத்தின் தெற்கில் தமிழ் பேசும் எங்கள் வட்டாரத்தில் ஒருவர் நோயில் படுத்தால் நாலு பேர் பார்க்க வருவார்கள். வருபவர்கள் முன்னால் படுத்துக் கிடப்பது மரியாதை இல்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். எழுந்து, துணி மாற்றி, உட்கார்ந்து பேச வேண்டும். நோய் வந்த பிறகு யாரும் உள்ளே வருவதில்லை. பால் வாங்கப் போகிறவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று விசாரித்தார்கள். வழக்கம் மட்டும் மாறவில்லை. அண்ணன் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வக்கீல். சாட்சிக் கூண்டில் நிற்பவரைப் போல நிமிர்ந்து இருந்தார்.

பாலராமபுரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் அவருடைய பள்ளித் தோழர் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"எலே, தீனம்னு சொன்னாவ. கல்யாணத்துக்குப் பொறப்பட்டது போலல்லா இருக்க?"

"நீ அந்த மாஸ்க்கை மூக்குக்கு மேல போடு. பொறவு பேசு."

"மூச்சு முட்டு உண்டா?"

"ஒண்ணும் இல்ல."

எல்லோருக்கும் அதே பதில்தான். அவர் பொய் சொல்லவில்லை. மூச்சிலும் பேச்சிலும் இருமலிலும் பரவுகிற இந்த வைரஸ், பெரும்பாலோரைக் காய்ச்சலோடும் உடல்வலியோடும் விட்டுவிடும். சிலருக்கு, காய்ச்சல் தணிந்துவிட்டது என்று நினைக்கும்போது நுரையீரலில் இறங்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். சில நேரம் அது அந்த ஆளுக்கே தெரியாது. விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் அன்று காலையும் தொண்ணூற்றைந்து காட்டியிருந்தது; தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால்தான் பயம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபோது எடுத்த கணக்கு அது.

மைனி, அதாவது அண்ணனின் மனைவி, இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பின் அறையிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவர் பார்த்திருந்தார். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் வரும்போது அண்ணன் உட்கார்ந்தாயிற்று.

"இருந்தோண்டு பாத்தா போதாது. முற்றத்துல நடங்க," என்றார்.

"என்னத்துக்கு? என்னைப் பட்டாளத்துல சேக்கப் போறியா?"

"எடுத்தா சேருங்க. இப்போ நடங்க."

"ஆளு நிக்குதுல்லா."

"நிக்கட்டும். அவருக்கும் காணலாம்."

அண்ணன் தோழரைப் பார்த்தார். தோழர் சிரிக்கவில்லை. "நடடே," என்றார்.

முற்றத்தில் போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பினார். சட்டை கசங்கவில்லை. முகத்திலும் பெரிய மாற்றம் இல்லை. மைனி கருவியை அவர் விரலில் மாட்டி எண் நிலைக்கும்வரை காத்திருந்தார். எண்பத்தெட்டு. விரலைத் துடைத்து மறுபடி மாட்டினார். அதே எண்பத்தெட்டு.

மைனி வார்டு சுகாதாரப் பணியாளரை போனில் கூப்பிட்டு மலையாளத்தில் சொன்னார்: "நடந்நப்போள் எண்பத்தெட்டு. ஆம்புலன்ஸ் வேணம்." வைத்துவிட்டு அண்ணனிடம் தமிழில் சொன்னார்: "அந்தச் சட்டையக் கழத்திட்டு கமந்து படுங்க. இனி யாருக்காகவும் எந்திரிக்கண்டாம். நான் சொல்லுகதாக்கும்."

கவிழ்ந்து படுத்தால் நுரையீரலின் பின்பகுதிக்கும் காற்று போகும். அண்ணன் படுத்தார். எனக்கு நினைவு தெரிந்து, வெளியே ஆள் நிற்கும்போது அவர் படுத்தது அதுதான் முதல் தடவை.

நோய் பரவிய வார்டு என்பதால் எங்கள் சாலையின் முனையில் குறுக்கே மூங்கில் கட்டி அடைத்திருந்தார்கள். தோழர் ஸ்கூட்டரில் போய் அங்கே நின்ற போலீஸ்காரரிடம் பேசி, கயிற்றை அவிழ்த்து, ஆம்புலன்ஸ் உள்ளே வந்து திரும்பிப் போகும்வரை மூங்கிலைக் கையில் பிடித்தபடி வெயிலில் நின்றார். கடையை அன்று திறக்கவில்லை. வண்டிக்காரர் உடல் முழுதும் மூடிய உடுப்பில் வியர்த்து நனைந்திருந்தார். மைனி கொடுத்த தண்ணீரைக் குடிக்க அந்த உடுப்பு விடவில்லை. பாட்டிலை வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டார். அண்ணன் ஏறிய பிறகு மைனி வண்டிக் கதவருகே நின்று, ஆக்சிஜன் குழாய் மூக்கில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலகினார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனும் ஸ்டீராய்டு மருந்தும் கொடுத்தார்கள். அந்த மாதம் எங்கள் சாலையிலேயே இரண்டு வீட்டில் சாவு விழுந்தது. துக்கம் கேட்க யாரும் போக முடியவில்லை. அக்கம்பக்கத்தார் சமைத்து அந்த வீடுகளின் மதில்மேல் வைத்தார்கள். அண்ணன் வீட்டுக்குத் திரும்பினார். மெலிந்திருந்தார், ஆனால் சொந்தக் காலில் நடந்து உள்ளே போனார்.

அதற்குள் மைனிக்கும் நோய் வந்து போயிருந்தது. பின் அறையில் தனியாக இருந்து, நடந்து பார்த்து, எண்ணை எனக்கு போனில் சொல்லிவிடுவார். எண் குறையவே இல்லை. மணம் தெரிவது மட்டும் நின்றுபோயிற்று. இன்றைக்கும் பால் கெட்டுவிட்டதா என்று அண்ணன்தான் முகர்ந்து சொல்கிறார்.