அபாத்திரம்

மருத்துவமனைச் சமையலறையில் அவளுக்கு 'மூணு தண்ணி அக்கா' என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும், பாவம், நல்ல மனுஷிதான், குடிதான் கெடுத்துவிட்டது போலிருக்கிறது என்று உச்சுக் கொட்டுவார்கள். ஒரு வாரம் பக்கத்தில் நின்று வேலை செய்தால் விஷயம் புரிந்துவிடும். தேய்த்த பாத்திரத்தை மற்றவர்கள் குழாயில் ஒரு காட்டு காட்டிவிட்டு அடுக்குவார்கள். அவள் முதல் தொட்டியில் ஒரு முறை, இரண்டாவது தொட்டியில் ஒரு முறை, கடைசியில் கொதிநீரில் ஒரு முறை என்று மூன்று தண்ணீர் காட்டாமல் ஒரு கரண்டியைக்கூட வெளியே விடமாட்டாள்.

மேற்பார்வையாளர் தலைகீழாக நின்று பார்த்துவிட்டார். "தண்ணி டேங்க் காலியாகுதும்மா" என்றால், "நோயாளி வாய் வைக்கிற தட்டு சார். உங்க வீட்டுத் தட்டுன்னா விட்டிருப்பேன்" என்று பதில் வரும். அதன்பிறகு அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டார்.

மாதத்தின் முதல் ஞாயிறு அவள் போகும் ஆலயத்தில் திருவிருந்து. அதற்கான கண்ணாடிக் கப்புகளைக் கழுவுவதும் அவள்தான். ஒரு மடக்குக்கு மேல் கொள்ளாத சின்னக் கப்புகள், நூற்றைம்பது. வட்டத் தட்டுகளில் குழி குழியாக இருக்கும் இடங்களில் அவற்றை உட்கார வைத்து, திராட்சரசம் ஊற்றி, வரிசை வரிசையாகக் கைமாற்றி அனுப்புவார்கள். அப்பமும் கப்பும் எல்லோர் கைக்கும் வந்த பிறகு, போதகர் சொல்ல, சபை முழுதும் ஒன்றாகப் புசித்துக் குடிக்கும். ஆலயத்தின் பின்னறையில் உள்ள குட்டித் தொட்டியில் சனிக்கிழமை ஒரு முறையும் ஞாயிறு ஆராதனை முடிந்து ஒரு முறையும் அவள் அவற்றைக் கழுவுவாள். விரல் நுழையாத கப்பு என்பதால் குச்சியில் துணி சுற்றித் துடைப்பாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள்.

அத்தனை கப்பையும் கழுவுகிறவள் ஒரு கப்பிலும் வாய் வைத்துப் பத்தொன்பது வருஷமாகிறது. இது யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. தட்டுகள் சுற்றி வரும் நேரத்தில் அவள் பின்னறையில் ஏதாவது துடைத்துக்கொண்டிருப்பாள். வேலை செய்கிறவளை யார் கேள்வி கேட்பார்கள்?

காரணம் ஒரு வார்த்தை. பத்து வயதில் ஞாயிறு வகுப்பில் மனப்பாடம் செய்தபோது வந்தது. கர்த்தருடைய பந்தியில் அபாத்திரமாய்ச் சாப்பிட்டுக் குடிக்கிறவன் தனக்கே தண்டனையைத் தேடிக்கொள்கிறான், அப்படிச் செய்ததால்தான் பலர் நோயில் விழுந்தார்கள், சிலர் செத்தும் போனார்கள் என்று ஆசிரியை விளக்கினார். அபாத்திரம் என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? சுத்தம், அசுத்தம். நியாயம், அநியாயம். பாத்திரம், அபாத்திரம். கெட்ட பாத்திரம். சரியாகக் கழுவாத பாத்திரத்தில் குடித்தால் நோய் வரும், சாவும் வரும். பிற்பாடு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கேயும் முதல் நாளே இதையேதான் சொல்லிக் கொடுத்தார்கள். வேதமும் மருத்துவமனையும் ஒன்றைச் சொன்னால் அப்புறம் சந்தேகம் எங்கிருந்து வரும்?

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ஆள் வராததால் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு ஆலயத்துக்குப் போனாள். கால் இரண்டும் கழன்று விழுவது போலிருந்தது. அன்றைக்கு மட்டும் ஒரே தண்ணீரில் அலசிக் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டாள். மறுநாள் ஆராதனை முடிந்து ஒரு பெரியவர், "என்னம்மா, ரசத்துல சோப்பு வாசனை தூக்குது" என்று சிரித்தார். அவளும் அசடு வழியச் சிரித்து வைத்தாள்.

புதன்கிழமை அவள் தங்கையின் கணவன் செத்துப்போனான். லிப்ட் பழுது பார்க்கிறவன். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் வேலை செய்துகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள் மருத்துவர்கள். தங்கை தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. மாரடைப்பு இல்லை. என் கப்பு.

யாரிடமும் சொல்லவில்லை. முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் கணவரிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவர் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் ஊரில் பாதித் தலைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தங்கையிடம் சொல்வதா? உன் தாலியை அறுத்தவள் நான்தான் என்று எந்த வாயால் சொல்வது? மூன்று தண்ணீர் அந்த வாரத்தில்தான் தொடங்கியது. சாவுக்குக் காரணமானவள் இனி அந்தப் பந்தியில் கை வைக்கக்கூடாது என்று பின்னறைக்குள் ஒதுங்கியதும் அப்போதுதான்.

இந்த வருஷம் புதுப் போதகர் வந்தார். இவளைவிட இருபது வயது சின்னவர், துறுதுறுவென்று எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பவர். ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவள் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து குண்டைப் போட்டார்.

"அம்மா, உங்களுக்கு விடுதலை. பிளாஸ்டிக் கப்பு வாங்கிட்டேன். குடிச்சோமா, குப்பையில போட்டோமான்னு போயிட்டே இருக்கலாம்."

அவள் குழாயை மூடினாள். "வேணாங்கய்யா. பெட்டியில இருந்து எடுத்து அப்படியே ஊத்தினா அபாத்திரமாயிடுமே."

போதகர் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்திரம் இல்லன்னா அபாத்திரம்! நல்லா இருக்கும்மா. பிரசங்கத்துல சேத்துக்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்த போதகரின் சிரிப்பு பாதியில் நின்றது. பெட்டியைக் கீழே வைத்தார். "அம்மா, அந்த வார்த்தைக்கு நீங்க என்ன அர்த்தம்னு நினைக்கறீங்க?"

சொன்னாள். வார்த்தையைப் பற்றி மட்டும். செத்தவனைப் பற்றிச் சொல்லவில்லை.

"நன்றிக்குப் பாத்திரமானவர்னு சொல்றோமில்ல, அந்தப் பாத்திரம்மா அது" என்றார். "தகுதின்னு அர்த்தம். கழுவுற பாத்திரம் இல்ல. அந்தக் காலத்துல, அந்த வசனத்தை எழுதி அனுப்பின சபையில எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவாங்க. வசதியானவங்க முன்னாடியே வந்து ஒரு பிடி பிடிச்சுட்டு, குடிச்சும் முடிச்சிருவாங்க. கூலி வேலை முடிச்சு வர்றவங்க வெறும் வயித்தோட நிப்பாங்க. ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருக்காம சாப்பிட்டதைத்தான் அப்படிக் கண்டிச்சது. கப்பு அழுக்கா இருந்ததுக்கு இல்ல."

"அப்ப தகுதி இல்லாதவங்க தொடக்கூடாதுன்னுதானே வருது?"

"தகுதி பாத்தா முதல்ல நான் வெளியே போகணும். உங்க ஆஸ்பத்திரியில நோயாளிகிட்ட, முதல்ல குணமாயிட்டு வா, அப்புறம் சாப்பாடுன்னா சொல்றீங்க? தன்னையே பிட்டுக் கொடுத்தவர் போட்ட பந்திம்மா இது. அவரை மறக்காம இருக்கறதுக்கும், நாம ஒருத்தரை ஒருத்தர் விட்டுடாம இருக்கறதுக்கும்தான் இது."

பாரம் இறங்கியிருக்க வேண்டும். அவளுக்கு வந்ததோ கோபம். "அந்த வார்த்தையை மனுஷனுக்குப் புரியற மாதிரி எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா? பத்தொன்பது வருஷங்கய்யா!" என்று கத்திவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "இந்த மாசம் கண்ணாடிக் கப்பே இருக்கட்டும். வந்து கழுவறேன்" என்று கிளம்பிவிட்டாள். எது பத்தொன்பது வருஷம் என்று புரியாமல் போதகர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

தங்கை பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், கூரைவரை காகிதக்கட்டு. யாரோ கொடுத்துவிட்டுப் போன தடிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகக் கவிழ்த்து நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். முழுசா கேட்டுட்டு அப்புறம் திட்டு."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஒரே மூச்சில் சொன்னாள். இரண்டு ஷிப்ட், ஒரு தண்ணீர், சோப்பு வாசனை, புதன்கிழமை. வார்த்தையின் அர்த்தம் வேறாம், ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் தெரிந்ததாம், அதனால்தான் சொல்ல வாய் வந்ததாம். தங்கை புத்தகத்தின் பக்கத்தைத் திருப்ப மறந்து நின்றாள், ஒரே பக்கத்தின் நகல் திரும்பத் திரும்ப வெளியே வந்து விழுந்துகொண்டிருந்தது. பிறகு மெஷினை நிறுத்தினாள்.

"அன்னைக்கு அவர் கப்பே எடுக்கலக்கா."

"என்னடி சொல்ற?"

"காலையில சண்டை. ஒரு குடைக்காக. அந்த வருஷத்துல மூணாவது குடையைத் தொலைச்சுட்டு வந்திருந்தார், நான் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டேன். தட்டு வந்தப்போ நான் ஒண்ணு எடுத்துட்டு அவரைப் பார்த்தேன். 'உன்கூடச் சேர்ந்து எப்படிடி குடிக்கறது'ன்னு சொல்லிட்டு, தட்டைப் பக்கத்து ஆள்கிட்ட தள்ளிவிட்டுட்டார். அவருக்காக நானும் குடிக்காம கீழ வச்சிருக்கலாம். வீம்பு. குடிச்சேன். திங்கள் பேசல, செவ்வாய் பேசல."

புதனைப் பற்றி அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

"அபாத்திரமா குடிச்சது நான்தான்க்கா. அர்த்தம் தெரிஞ்சே குடிச்சேன். அதுக்கப்புறம் மாசாமாசம் குடிக்கறேன், ஏதாவது வரட்டும்னுதான். எனக்கு ஒண்ணுமே ஆகல. அதுதான் இன்னும் கொடுமையா இருக்கு. நீ பின்னறையிலேயே அடைஞ்சு கிடந்தது, அவர் எடுக்காததை நீ பார்த்துட்டதாலன்னு நினைச்சேன். என்கூட ஒரே வரிசையில உட்காரப் பிடிக்காமதான் நீ ஒதுங்கறதா நினைச்சேன்."

பத்தொன்பது வருஷம் இரண்டு பேரும் ஒரே ஆலயத்துக்கு வந்தார்கள், ஒரே பேருந்தில் திரும்பினார்கள், காய்கறி விலையைப் பேசினார்கள். இதைப் பேசவில்லை. இவ்வளவு முட்டாள்களாகவா இருந்தோம் என்று நினைத்தபோது அவள் தங்கையின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது ஒருவர் வந்து அடையாள அட்டையை நீட்டி, இரண்டு பக்கமும் வேண்டும், கொஞ்சம் சீக்கிரம் என்றார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். போட்டோ கறுப்பாக வந்திருக்கிறது என்று அவர் குறைப்பட்டதற்கு, "நேர்ல மட்டும் என்னவாம்" என்றாள் அக்கா. அவர் விலகிப் போன பிறகு சகோதரிகள் இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியவில்லை.

"ஐயா சொன்னதை அப்படியே சொல்ல எனக்குத் தெரியல" என்றாள் அக்கா. "குணமானப்புறம் வான்னு நாங்க எந்த நோயாளிக்கும் சாப்பாட்டை நிறுத்தறதில்ல. அங்கயும் அப்படித்தானாம். நாளைக்கு நீ என் பக்கத்துல உட்காரு."

மறுநாள் இருவரும் நடு வரிசையில் உட்கார்ந்தார்கள். அப்பம் வந்தது, அக்கா எடுத்துக்கொண்டாள். தட்டு வந்தது. தங்கை ஒரு கப்பை எடுத்துக்கொண்டு, தட்டை அக்காவின் முன்னால் பிடித்தாள். அக்காவின் கை எழவில்லை. அர்த்தம் தெரிந்துவிட்டது, ஆனால் கைக்கு அது போய்ச் சேரவில்லை. அடுத்து உட்கார்ந்திருந்தவர் தட்டுக்காகக் கை நீட்டினார். தங்கை கொடுக்கவில்லை.

"நகர்த்தும்மா" என்றார் அவர் மெதுவாக.

"அக்கா எடுக்கட்டும்."

முன் வரிசைகளில் எல்லோர் கையிலும் கப்பு. போதகர் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் நின்றார். யாரோ இருமினார்கள். நூற்றைம்பது பேர் அவளுக்காகக் காத்திருந்தார்கள், முக்கால்வாசிப் பேருக்கு எதற்கென்றே தெரியாமல். கடைசியில் அவள் ஒரு கப்பை எடுத்தாள். தட்டு நகர்ந்தது. போதகர் சொன்னதும் சபையோடு சேர்ந்து இருவரும் அப்பத்தைத் தின்றார்கள், ரசத்தைக் குடித்தார்கள். அவள் அழுதாள். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

ஆராதனை முடிந்ததும் தங்கை பின்னறைக்குக் கூடவே வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நீ தள்ளு, இன்னைக்கு நான் கழுவறேன்" என்றாள். ஜெராக்ஸ் கடைக்காரியின் கை. எல்லாம் ஓட்டம்தான். ஒரே தண்ணீரில் நூற்றைம்பது கப்பையும் கவிழ்த்துவிட்டாள். அக்கா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அடியில் திராட்சரசக் கறை அப்படியே இருந்தது.

அதை அவள் மறுபடி கழுவினாள். அழுக்காக இருந்தது, அதனால் கழுவினாள்.