நாற்பத்தோரு முறை விழுந்தவர்

மின்துறையில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்ற லுண்டுப், புத்தருக்கு ஒரு லட்சம் முறை நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குவதாக நேர்ந்திருந்தார். நாளுக்கு ஐம்பத்தைந்து. ஐந்து வருடத்தில் 99,962 ஆகியிருந்தது. நோட்டில் தேதிவாரியாக இருக்கிறது. அகந்தை கரையத்தான் இந்த வணக்கம். அவருக்கோ, இதையே நேர்ந்திருந்த மச்சான் ரிக்சினுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். ரிக்சினுக்கு இன்னும் முப்பதுதான் பாக்கி.

அந்த வாரம்தான் லே நகரத்திலிருந்து ஜிக்மெத் படமெடுக்க வந்தான். மனம் அடங்குவதைப் பற்றிய படம், வசனமே கிடையாது. மடத்து முற்றத்தில் லுண்டுப் ஒருமுறை விழுந்து எழ வேண்டும்.

"அஜாங்லே, சூப்பர் மாமா! ஆனா நெத்தி தரையில படும்போது மேகம் மறைச்சிருச்சு. இன்னொரு தடவை."

அடுத்து நாய் குறுக்கே வந்தது. அதற்கடுத்து மூக்கு நிழலில் போயிற்று. மத்தியானத்துக்குள் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் லுண்டுப் ஜெபமாலையில் ஒரு மணி தள்ளினார். வீட்டுக்கு வந்து 1,00,003 என்று எழுதினார்.

சேதி கேட்டு ரிக்சின் மூச்சிரைக்க வந்தார். "ஏன் மாப்ளே, கேமராவுக்குக் குனிஞ்சதெல்லாம் கணக்குல வருமா?"

"நெத்தி தரையில பட்டுச்சுல்ல மச்சான்?"

"எனக்கும்தான் தெனமும் வாசல் நிலையில நெத்தி படுது."

இருவரும் மடத்து லாமாவிடம் போனார்கள். லாமா முதலில், தன் முகம் படத்தில் வருமா என்று கேட்டார். பிறகு, "விழும்போது என்ன நெனச்ச?" என்றார்.

லுண்டுப் பொய்க்கணக்கு எழுதிப் பழகாதவர். "வெயில் எங்க விழுதுன்னு பாத்தேன், ரிம்போச்சே."

"அப்போ நாப்பத்தொண்ணும் வெயிலுக்குப் போச்சு."

மறுநாள் காலை ரிக்சின் முடித்துவிட்டார். அவர் வீட்டில் வெண்ணெய்த் தேநீருக்கு ஊரையே அழைத்திருந்தார்கள்.

லுண்டுப் நோட்டிலிருந்து நாற்பத்தொன்றை அடித்தார். ஆனால் பேனாவை மூடவில்லை. வெயிலை நினைத்தது செல்லாது என்றால், ரிக்சினை நினைத்தது? பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டே போனார். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு தேதியில் கை நின்றது. பேத்தி குறைமாதத்தில் பிறந்து, லே ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிய நாள். ஏழாவது வணக்கம் முடிந்ததும் போன் வர, அப்படியே ஓடினார். பக்கத்தில் சிவப்பு மையில், 'பாக்கி 48.' அந்த ஏழில் ரிக்சின் நினைப்பே இல்லை; அதை மட்டும் விட்டு மிச்சம் எல்லாவற்றையும் அடித்தார்.

மனைவி டிஸ்கிட் எட்டிப் பார்த்தாள். "அஞ்சு வருஷத்துக்கு ஏழா? அண்ணன்கிட்ட மட்டும் வாயத் தொறக்காதீங்க."

தேநீர் விருந்தில் ரிக்சினே கேட்டார். "இப்போ எத்தனையில நிக்கிற, மாப்ளே?"

"ஏழு." நடந்ததைச் சொன்னார்.

கூடம் சிரித்தது. ரிக்சின் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, விரல்விட்டு எதையோ எண்ணிப் பார்த்தார். பிறகு லுண்டுப் காதருகே குனிந்தார்.

"முழுசா ஏழு வந்துச்சா உனக்கு?"

அந்தக் குரலில் இருந்த பொறாமை லுண்டுப்புக்கு இனித்தது. அவ்வளவு இனித்திருக்க வேண்டியதில்லை என்று அவருக்கே தோன்றியது.