மதுரை–கம்பம், 88.1 மெகாஹெர்ட்ஸ்

பழைய காரில் ரேடியோவோடு கூடிய கேசட் பிளேயர் மட்டும் இருக்கிறது, எம்பி3 பிளேயரை அதில் இணைத்துக்கொண்டு தேனிப் பக்கம் போய்வர முடியுமா என்று பின்னூட்டத்தில் மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். முடியும். நான் போயிருக்கிறேன். 2008 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு வருடமாக எழுதாமல் தள்ளிப்போட்ட பயணம் இது. படித்து முடித்ததும் ஏன் என்று தெரியும்.

போனது சுற்றிப் பார்க்க அல்ல. என் தங்கை கவிதாவுக்குக் கம்பத்தில் ஒரு வரன் கூடி வந்திருந்தது. திராட்சைத் தோட்டக்காரர்கள், கௌரவமான குடும்பம். பெண் பார்த்துப் பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். முறைப்படி நாங்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். அதற்குப் பெண் வருவதில்லை. என் மனைவி, சித்தப்பா, நான், மூன்று பேர். கவிதாவுக்கு முப்பத்தொன்று முடிந்திருந்தது. தரகரிடம் இருபத்தெட்டு என்று சொல்லி, ஜாதகத்தில் பிறந்த வருடத்தையும் மாற்றி எழுதிக் கொடுத்தவன் நான். எங்கும் நடக்கிறதுதானே என்று அப்போது நினைத்தேன்.

காலை 7.15-க்கு மதுரையில் கிளம்பினோம். என்னுடையது 96 மாடல் கார். முதலில் கேசட் வடிவத்தில் ஒரு அடாப்டர் வாங்கினேன், 180 ரூபாய். அதன் வயரை பிளேயரில் செருகிவிட்டு, கேசட்டை உள்ளே தள்ள வேண்டும். என் கார் ஸ்டீரியோவோ தானாகப் பக்கம் மாற்றிக்கொள்ளும் வகை. அடாப்டருக்குள் ஓடும் நாடா கிடையாது, அதனால் பக்கம் முடிந்துவிட்டதென்று நினைத்து நிமிடத்துக்கு ஒருமுறை டக் டக்கென்று மாற்றிக்கொண்டே இருந்தது. உசிலம்பட்டி (40 கி.மீ., 8.10 மணி) தாண்டுவதற்குள் என் பொறுமை போய்விட்டது. பிடுங்கிப் பின் சீட்டில் எறிந்தேன்.

அடுத்தது எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். 450 ரூபாய். சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் பிளேயரில் ஓடும் பாட்டைச் சின்ன அலையாக ஒலிபரப்பும், கார் ரேடியோ அதைப் பிடித்துக்கொள்ளும். காலியான அலைவரிசையாகத் தேட வேண்டும். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் கொடைக்கானல் நிலையம் கணீரென்று வந்துவிடும், அதன் பக்கமே போகாதீர்கள். எனக்கு 88.1 சுத்தமாக இருந்தது. பதினைந்து, இருபது அடி வரைக்கும் எடுக்கும். இந்த இருபது அடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேனி 76 கி.மீ., 9.20 மணி. டிபன் சரியில்லை, கடையின் பெயரைச் சொல்லி யாரையும் அனுப்ப விரும்பவில்லை. அங்கிருந்து எட்டு கிலோமீட்டரில் வீரபாண்டி. கௌமாரியம்மன் கோவில் வாசலில் மாப்பிள்ளையின் தாய்மாமா சின்னச்சாமி ஜீப்போடு காத்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மாவும் சாமி கும்பிட வந்திருந்தார். அவர்கள் முன்னால் போக நாங்கள் பின்தொடர்வதாக ஏற்பாடு.

என் காரில் பாடிக்கொண்டிருந்த பாட்டைக் கேட்டுச் சின்னச்சாமி கிட்டே வந்தார்.

"எந்த ஸ்டேசன் தம்பி இது? விளம்பரமே இல்லாம ஓடுது?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம ஸ்டேசன்தான் மாமா. 88.1 வைங்க, உங்க ஜீப்புலயும் வரும்."

வைத்தார். வந்தது. அந்த அம்மா கை தட்டிச் சிரித்தார். "அடி ஆத்தா, நம்ம ஜீப்புக்குன்னே ஒரு ரேடியோவா!"

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சம்பந்தம் முடிந்தது என்றே முடிவு செய்துவிட்டேன். சித்தப்பா மட்டும் வழி நெடுக எனக்குப் பாடம் எடுத்தார். "சாப்பிடச் சொன்னா ஒடனே இலையில ஒக்காந்துராத. கை நனைச்சா சம்மதம்னு அர்த்தம். ரெண்டு வாட்டி சொல்லட்டும், மூணாவது வாட்டி ஒக்காரலாம்." சாலையின் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நாற்றங்கால், வாழை. பார்க்க வேண்டிய சாலைதான். நான் பார்க்கவில்லை, ஜீப்பில் பாட்டு கேட்கிறதா என்றே பார்த்துக்கொண்டு வந்தேன். இடைவெளி கூடினால் அங்கே இரைச்சல், ஒட்டிப் போனால் பாட்டு.

10.50-க்குச் சின்னமனூர். வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று கடைத்தெருவில் குறுக்கே திரும்ப முடியாமல் நின்றது. ஜீப்புக்குப் பின்னால் பத்தடியில் நாங்கள். என்னவென்று பார்க்க இறங்கிப் போனேன்.

என்னுடையதைப் போன்ற மலிவு சீன எம்பி3 பிளேயர்களில் பக்கவாட்டில் ஒரு பட்டன் உண்டு. அழுத்திப் பிடித்தால் சுற்றி நடப்பதைப் பதிவு செய்யும். மூன்று நாள் முன்பு சமையலறையில் அது என் சட்டைப் பையில் கிடந்தபோது எப்படியோ அழுந்தியிருக்கிறது. பாட்டுகளோடு பாட்டாக அந்தப் பதிவும் உள்ளே கிடந்தது எனக்குத் தெரியாது. பாட்டுகளைக் கலைத்துப் போட்டு ஓட விட்டிருந்தேன். அதன் முறை வந்தது.

என் மனைவிக்குக் குரல் கேட்டதுமே புரிந்துவிட்டது. பதறிப்போய் ரேடியோவின் சத்தத்தை ஒரேயடியாகக் குறைத்துவிட்டாள். எங்கள் காரில் அமைதி. அவளைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் காரில் சத்தத்தைக் குறைத்தால் டிரான்ஸ்மிட்டர் நிற்காது. பிளேயரை நிறுத்த வேண்டும்.

நான் திரும்பி வரும்போது ஜீப்பிலிருந்து என் தங்கையின் குரல் கேட்டது.

"அண்ணே, எனக்கு முப்பத்தொன்னு. பொய்யச் சொல்லி ஒருத்தவுக வீட்டுக்குப் போக எனக்கு இஷ்டமில்ல. அவுககிட்ட நெசத்தச் சொல்லிருண்ணே."

அடுத்தது என் குரல். "வாய மூடு. நெசத்தச் சொன்னா ஒன்னைய எவன் கட்டுவான்? எப்படா தள்ளிவிடுவோம்னு நிக்கிறோம், இதுல நாயம் பேச வந்துட்டா."

ஜீப்பின் பின்பக்கம் திறந்துதான் இருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். சின்னச்சாமி கையை நீட்டி ரேடியோவை அணைத்தார். லாரி நகர்ந்தது.

உத்தமபாளையம், கம்பம், 12 மணி. வீடு நல்ல வீடு. மாப்பிள்ளை வந்து கும்பிட்டார், முப்பத்தைந்து இருக்கும், அமைதியான முகம். காபி கொடுத்தார்கள். ஒரு தட்டில் திராட்சை வைத்தார்கள். அடுப்படியிலிருந்து சாம்பாரும் வடையும் மணந்தன, இருபது பேருக்காவது சமைத்திருப்பார்கள். சித்தப்பா மறுத்துச் சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தார். ஆனால் யாரும் எங்களைச் சாப்பிடச் சொல்லவில்லை. ஒருமுறை கூட.

ஒரு மணிக்கு எழுந்தோம். வாசல் வரை வந்த சின்னச்சாமி, "வெரசாக் கெளம்புங்க தம்பி. கணவாய்ல லாரி மறிச்சுக்கிரும்" என்றார். வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மதுரை வரை மனைவி பேசவில்லை. நான் பேசினேன். சீனாக்காரனைத் திட்டினேன், லாரிக்காரனைத் திட்டினேன், பட்டனைத் திட்டினேன். வீட்டில் கவிதா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வயசையாச்சும் நெசமாச் சொன்னியாண்ணே?" அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்றேன். சொன்னேன் என்று எடுத்துக்கொண்டாள். முகம் தெளிந்தது.

நான்காம் நாள் சின்னச்சாமி போன் செய்தார். அப்போது ஆபீஸில் இருந்தேன்.

"தம்பி, வயசு ஒண்ணும் பெரிய குத்தமில்ல. நெசத்தச் சொல்லுன்னு நின்ன புள்ள எங்க வீட்டுக்கு வரட்டும்னு அக்கா சொன்னாக. நீங்க மட்டும் ஒரு நடை இங்கன வந்து, சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, கை நனைச்சுட்டுப் போங்க. அம்புட்டுத்தான்."

பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். திராட்சை விற்கிறவன் வீட்டு வாசலில் போய் நான் தப்புச் சொல்ல வேண்டுமா என்று இருந்தது. ஒரு மாதம் பொறுத்திருந்து பார்த்தார்கள். தை மாதம் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டதாகத் தரகர் சொன்னார். கவிதாவுக்கு இப்போது முப்பத்து மூன்று. அதற்குப் பிறகு எதுவும் கூடிவரவில்லை.

கேட்டவர்களுக்குப் பதில். தானாகப் பக்கம் மாற்றும் ஸ்டீரியோ என்றால் கேசட் அடாப்டர் வாங்காதீர்கள். டிரான்ஸ்மிட்டர் போதும். கிளம்பும் முன் பிளேயரில் இருக்கும் எல்லாவற்றையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். காலை ஏழுக்குக் கிளம்பினால் கம்பத்துக்குப் பகல் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை சின்னமனூரில் அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வலைப்பதிவை என் தங்கையும் படிக்கிறாள். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கவிதா, அவர்கள் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிட்டார்கள். நான்தான் போகவில்லை.