எது விழுந்தது?

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்ற ஒரே ஒரு மோட்டார்தான் இருந்தது. எரிந்துபோனால் மாற்று கிடையாது. எலெக்ட்ரீஷியன் கங்காதரனுக்கு அந்தக் கோடையில் மோட்டாரைவிட, அதை ஓட்டிய முனியப்பன்தான் பெரிய தலைவலி.

மோட்டார் தானாக நின்றால், சுவரில் உள்ள கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று சிவப்புத் தகடுகளில் ஒன்று கீழே விழும். முதல் தகடு என்றால் கரண்ட் அதிகம். நடுத் தகடு என்றால் பேரிங் சூடு. கடைசித் தகடு, மின்கசிவு. பெட்டியின் கம்பியால் தகட்டை மேலே தள்ளினால்தான் மோட்டார் மறுபடி ஓடும். தள்ளிவிட்டாலோ எது விழுந்தது என்று தெரியாது.

முனியப்பன் முதலில் தள்ளிவிடுவார். பிறகுதான் கங்காதரனுக்கு ஆள் அனுப்புவார்.

"எது விழுந்துச்சி?"

"ஏதோ ஒண்ணு. அதான் ஓடுதே மேஸ்திரி. வெயில்ல வரணுமேன்னு நானே போட்டுட்டேன்."

"வெயில் என்னை ஒண்ணும் பண்ணாதுப்பா. விழுந்தது அப்படியே இருக்கட்டும்."

"செவப்பா தொங்கினு இருந்தா பாக்க நல்லாவா கீது?"

கங்காதரன் தகட்டைத் தள்ளும் கம்பியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலை மோட்டார் நின்றது. லைன் வீட்டுத் தாயம்மா காலிக் குடத்தோடு கங்காதரன் வீட்டுக்கே வந்துவிட்டார். "இன்னா மேஸ்திரி, எங்க தண்ணிய பையில போட்டுகினு வந்துட்டீங்களாமே?"

கங்காதரன் போய்ச் சேர்வதற்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முனியப்பன் கண்ணாடிக் கதவைத் திறந்து, தகட்டை விரலாலேயே தள்ளியிருந்தார்.

"எது விழுந்துச்சி?"

"நான் இன்னாத்த கண்டேன்? வெளியே அவ்ளோ கூச்சல்."

கங்காதரன் ஸ்விட்சை அணைத்துவிட்டு எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தார். வெள்ளி தோறும் முனியப்பன் பெட்டிக்குக் குங்குமப் பொட்டு வைப்பார். அன்றும் வைத்திருந்தார். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்த கங்காதரன் சட்டென்று எழுந்து கிட்டே போனார். நடுத் தகட்டின் ஓரத்தில் குங்குமம் பூசிய விரல் ரேகை.

பேரிங் மேல் கை வைக்க முடியவில்லை. எண்ணெய் போகும் துளை அடைத்துக் கிடந்தது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் பேரிங் இறுகி மோட்டாரையும் எரித்திருக்கும். சூடு ஆறி, துளையைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டு முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. அதுவரை தாயம்மா வாசலில் நின்று வாயை மூடவில்லை.

குழாயில் தண்ணீர் வந்தது. கையைக் கழுவிக்கொண்ட கங்காதரன், அந்த ரேகையைக் காட்டியாவது இந்த மனிதருக்குப் புரியவைக்கலாம் என்று முனியப்பனைப் பெட்டிக்கு அழைத்துப் போனார்.

தகடு பளபளவென்று இருந்தது.

"அழுக்கா இருந்துச்சி மேஸ்திரி," என்றார் முனியப்பன். "தொடச்சிட்டேன்."