நாற்பத்திரண்டு ரூபாய் நின்ற பதினொரு நிமிடம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்குப் பங்குச் சந்தை விலை காட்டும் மென்பொருள் விற்கிற வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம், என்னிடம் மோட்டார் சைக்கிள் இருந்ததுதான். அதற்கு முன் வவுனியாவில் ஒரு கராஜ், கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடை, கட்டாரில் சீமெந்து மூட்டை. கட்டாரில் கடைசி நான்கு மாதச் சம்பளம் வரவில்லை. விமானச் சீட்டு மட்டும் வந்தது.

இலவசமாகக் கிடைக்கிற செயலிகளில் விலை பதினைந்து நிமிடம் பிந்தித்தான் தெரியும். எங்கள் கொம்பனியின் திரையில் அந்த நொடி விலை அந்த நொடியே தெரியும். நாங்கள் விற்றது அந்தப் பதினைந்து நிமிடத்தைத்தான். தீவுப் பகுதியில் எனக்கு நான்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். மூன்று பேர் ஓய்வூதியக்காரர். அவர்கள் விலையைப் பார்ப்பார்கள், வாங்கவோ விற்கவோ மாட்டார்கள். நான்காவது, மண்டைதீவில் ஒரு அக்கா.

அவருடைய கணவர் மற்றவர்களுடைய வள்ளத்தில் சம்பளத்துக்குக் கடலுக்குப் போகிறவர். சொந்த வள்ளமும் இருந்தது, இஞ்சின் இல்லாமல் வளவுக்குள் கவிழ்ந்து கிடந்தது. அக்கா தன் தங்கக் காப்புகளை விற்று ஒரு ஹோட்டல் கொம்பனியின் பங்குகளை வாங்கி வைத்திருந்தார். பங்கு நாற்பத்திரண்டு ரூபாய்க்கு வந்தால் புது இஞ்சின் வாங்கலாம் என்பது அவருடைய கணக்கு.

அந்த விலைக்கு வந்ததும் விற்கும்படி புரோக்கரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம் என்று நான் பல தடவை சொல்லியிருந்தேன்.

"மீன் ஏலத்திலை எங்கடை விலையை முதலே சொன்னா என்ன நடக்கும் தெரியுமோ? ஒருத்தனும் அதுக்குக் கிட்ட வரமாட்டான்."

"இது மீன் இல்லை, அக்கா."

"வாங்கிறது ஆக்கள்தானே தம்பி."

ஒரு வாரம் அந்தப் பங்கு ஏறிக்கொண்டே போனது. அந்த நேரம் பார்த்து, அக்காவின் கணக்கு இரண்டு நாளாகத் திறக்கப்படவில்லை, போய்ப் பார் என்று அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. போனேன். பக்கத்து வீட்டு மனிதர் இறந்திருந்தார். பிரேதம் எடுக்கும்வரை அந்த ஒழுங்கையில் எந்த வீட்டிலும் ரேடியோ, ரீவி போடமாட்டார்கள், கடலுக்கும் போகமாட்டார்கள். அக்கா கணினியையும் மூடி வைத்திருந்தார்.

"சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் பார்க்கலாமே" என்றேன்.

"பச்சையும் சிவப்புமாய் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்திலை பிரேதம் கிடக்குது. ஏலாது."

என் தொலைபேசியில் விலை நாற்பத்தொன்று அறுபது. சொன்னேன். அக்கா வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பந்தலைப் பார்த்தார்.

"நீர் வெளி ஆள், உமக்கு அது குற்றமில்லை. செத்த வீட்டுப் பந்தலுக்கை போய் நில்லும். நாற்பத்திரண்டு வந்தா என்னைப் பார்த்துத் தலையைச் சொறியும். நான் பின்வளவுக்குப் போய்ப் புரோக்கருக்கு எடுக்கிறன்."

"ரெலிபோன் கதைக்கலாமோ?"

"மெல்லமாக் கதைச்சாச் சரி."

சந்தை பிற்பகல் இரண்டரைக்கு மூடும். நாற்பத்திரண்டு வந்தால் அதிரும்படி தொலைபேசியை வைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பந்தலுக்குள் நின்றேன். தேத்தண்ணி தந்தார்கள். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி கனடாவோ?"

"இல்லை, கொம்பனியிலையிருந்து வந்தனான்."

"எந்தக் கொம்பனி எண்டாலும் தோள் இருக்குத்தானே. வாரும், பெட்டி தூக்க உயரமான ஆள் ஒண்டு காணாது."

சேர்ச்சுக்குப் பிரேதம் எடுக்கிற நேரம் வந்திருந்தது. முன்பக்கத்தில் ஒரு உயரமானவர் நின்றார். அவருக்கு ஈடாக என்னை மற்றப் பக்கம் விட்டார்கள். மிச்ச எல்லாரும் என் காதளவு. மணல் ஒழுங்கையில் பெட்டி சரியாமல் இருக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

வழியோர அந்தோனியார் சிலைக் கூட்டைத் தாண்டியபோது என் நெஞ்சில் தொலைபேசி அதிர்ந்தது. தலையைச் சொறிய ஒரு கையும் மிச்சமில்லை. கழுத்தைத் திருப்பி, அக்கா பெண்களோடு வருகிற பக்கம் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன்.

"முன்னுக்குப் பார்த்து நடவுமன்" என்றார் எனக்குப் பின்னால் பிடித்தவர். "கனடாக்காரருக்குக் கழுத்து நிக்குதில்லை."

தோள் மாற்ற ஆள் இல்லை. சேர்ச் வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தபோது சந்தை மூடியிருந்தது. பங்கு நாற்பத்திரண்டைத் தாண்டிப் பதினொரு நிமிடம் நின்றுவிட்டு இறங்கி, நாற்பது தொண்ணூறில் முடிந்திருந்தது. எங்கள் மென்பொருள் எதையும் மறைக்காது. அக்கா வீட்டுக்குப் போய்க் கணினியைத் திறந்தால் அந்தப் பதினொரு நிமிடமும் கோடாகத் தெரியும். அதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

சேமக்காலையில் மண் போட்டு முடிந்து ஆட்கள் கலைந்தபோது அக்காவிடம் போனேன்.

"அக்கா, நாற்பத்திரண்டு வந்தது. எனக்குக் கை எடுக்க ஏலாமப் போச்சு."

"தெரியும். நீர் முதல்தரம் திரும்பிப் பார்க்கேக்கையே விளங்கினது."

"அப்ப ஏன் எடுக்கேல்லை? ரெலிபோன் கையிலை இருந்ததுதானே?"

"அந்த மனுசியை ஒரு பக்கம் நான்தானே பிடிச்சுக்கொண்டு வந்தனான். விட்டா விழுந்திருக்கும்."

செத்தவரின் மனைவியைத்தான் சொன்னார். செருப்புக்குள் இருந்த மணலைத் தட்டிவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்குச் சந்தை திறக்கும் என்று கேட்டார். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒன்பதரை என்றேன்.

கணக்கு இரண்டு நாள் திறக்கப்படாததற்குக் காரணம் எழுத அலுவலகப் படிவத்தில் மூன்று தெரிவுகள் இருந்தன: இணையம், கருவி, கட்டணம். இணையம் என்று குறித்து அனுப்பினேன்.

நான் அந்த வேலையில் இருந்தவரை அந்தப் பங்கு திரும்ப நாற்பத்திரண்டுக்கு வரவில்லை. அடுத்த மாதம் அக்கா முப்பத்தேழுக்கு விற்றார். அந்தக் காசுக்கு யாரோ பாவித்த எட்டுக் குதிரைவலு இஞ்சின் ஒன்றுதான் கிடைத்தது. கணவர் அதைப் பூட்டி, முதல் நாள் கடலுக்குப் போய் வந்து சொன்னார்:

"ஆழத்துக்குப் போகாது. நண்டு வலைக்கு இந்த வலு காணும்."